எந்த ஒப்பந்தத்தை உங்களால் கட்டி மேய்க்க முடியும்?

விலையைப் பேசி முடித்த பிறகுதான் பெரும்பாலான இடங்களில் ஒப்பந்தம் என்ற பேச்சே வருகிறது. போன முறை வேறு யாருக்கோ தயாரித்த ஒப்பந்தத்தைக் கணினியில் திறப்பார்கள். பெயர், தேதி, தொகை மூன்றையும் மாற்றுவார்கள். இரு பக்கமும் கையெழுத்துப் போட்டதும் வேலை தொடங்கிவிடும். நான் பல ஆண்டுகள் விற்கும் பக்கத்தில் இருந்துவிட்டு அப்புறம் வாங்கும் பக்கத்துக்கு வந்தவன். இரண்டு பக்கத்திலும் பழக்கம் இதேதான்.

அந்த அவசரத்தில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. பணம் எந்தக் கணக்கில் போகப்போகிறது? முழு வேலைக்கும் ஒரே தொகையா, செய்த அளவுக்கு வீதமா, ஆன செலவும் அதற்கு மேல் ஒரு லாபமுமா, இல்லை ஓர் இலக்குச் செலவை வைத்துக்கொண்டு மிச்சத்தையும் மிகையையும் பங்கு போட்டுக்கொள்வதா? கொள்முதலில் பேசப்படும் ஒப்பந்த வகைகளின் பெயர்கள் ஏராளம். தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே இந்த நான்கில் ஒன்றோ, இவற்றின் கலவையோதான் இருக்கும்.

பயிற்சி வகுப்புகளில் இந்த நான்கையும் ‘ரிஸ்க் யார் தலையில்’ என்ற ஒரே கோட்டில் வரிசையாக நிறுத்திக் காட்டுவார்கள். ஒரு முனையில் விற்பவர் சுமக்கிறார், மறு முனையில் வாங்குபவர் சுமக்கிறார். சரி, அதில் தப்பில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பயன்பட்டது வேறொரு கேள்வி: இந்த ஒப்பந்தம் தினமும் என்ன வேலை கேட்கும், அந்த வேலையைச் செய்ய என்னிடம் ஆள் இருக்கிறதா? மொத்தத் தொகை, மாற்றங்களைப் பிடித்துப் பதிவு செய்பவரைக் கேட்கும். அளவு வீதம், அளப்பவரைக் கேட்கும். செலவுக்கு மேல் லாபம் என்றால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தெரிந்தவர் வேண்டும். இலக்குச் செலவுக்கு இந்த மூன்று பேருமே வேண்டும். ஆள் இல்லாத ஒப்பந்தம் காகிதத்தில் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் கடைசியில் உங்களுக்கு எதிராகத்தான் முடியும்.

மொத்தத் தொகை

வாங்குபவர்கள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்பது எளிது. நிதிப் பிரிவுக்கு ஒரே எண்ணைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். செலவு கூடினால் அது விற்பவர் பாடு. விற்பவருக்கும் இதில் ஓர் ஆசை உண்டு. சாமர்த்தியமாக வேலையை முடித்தால் மிச்சம் முழுவதும் அவருக்கே. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

இந்த நிம்மதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. என்ன வேலை என்பது டெண்டர் விடும் நாளிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வரைபடம் பாதியில் நிற்கும்போது மொத்தத் தொகை கேட்டால் விற்பவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். தெரியாததற்கெல்லாம் ஒரு தொகையை உள்ளே ஒளித்துவைத்து விலை சொல்வார். அந்த ஆபத்து கடைசி வரை வராவிட்டாலும் நீங்கள் அதற்குப் பணம் கொடுத்தாயிற்று. இல்லையென்றால், எழுதியிருப்பதற்கு மட்டும் விலை சொல்லிவிட்டு, எழுதாமல் விட்டதைக் கூடுதல் வேலையாக வசூலிக்கக் காத்திருப்பார்.

1971 இல் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் எண்ணெய் வயல் ஏலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் வயலின் மதிப்பை மற்றவர்களைவிட மிகையாகக் கணித்தவராகவே இருப்பார், அதனால் ஜெயித்ததே அவருக்கு வினையாகிறது என்பது அதன் சாரம். கொள்முதலில் இதைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். மிகக் குறைந்த விலை சொன்னவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஏதோ ஒரு பக்கத்தைக் கூட்ட மறந்தவராகவும் இருக்கலாம். ஒரு விலை மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால், நான் அவரைக் கூப்பிட்டு எதையெல்லாம் சேர்த்திருக்கிறீர்கள் என்று வரிவரியாகக் கேட்டுவிடுவேன். நஷ்டத்தில் ஓடும் விற்பவர் பாதியில் ஆளைக் குறைப்பார், பொருளின் தரத்தைக் குறைப்பார், இருக்கிற ஓட்டையையெல்லாம் தேடிக் கிளெய்ம் போடுவார். அவரைவிட அதிகச் செலவு வைப்பவர் வேறு யாரும் இல்லை.

மாற்றங்கள் எப்படி நழுவுகின்றன என்பது கிட்டே நின்று பார்த்தால்தான் தெரியும். வாங்குபவரின் மேற்பார்வையாளர் தளத்தைச் சுற்றி வருகிறார். ஒரு கதவைக் காட்டி, “இதை அந்தப் பக்கம் வெச்சா நல்லா இருக்குமே” என்கிறார். விற்பவரின் ஆள் “செஞ்சிடலாம் சார்” என்கிறார். மறுநாள் கதவு இடம் மாறுகிறது. கதவோடு சுவிட்ச் மாறுகிறது, சுவிட்சுக்குப் போகும் குழாய் மாறுகிறது, பூசி முடித்த சுவரை உடைத்துத் திரும்பப் பூசுகிறார்கள். மூன்று மாதம் கழித்து இறுதி பில்லில் இதற்கு நான்கு வரி இருக்கும். “யோசனைதான் சொன்னேன், உத்தரவு போடலையே” என்பார் மேற்பார்வையாளர். அவர் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அவர் அப்படித்தான் நினைத்துச் சொன்னார்.

இதற்கு மருந்து அன்று மாலையே போகும் ஒரு சின்னக் கடிதம். “இன்று தாங்கள் நேரில் சொன்னபடி 14 ஆம் எண் கதவை வடக்குச் சுவருக்கு மாற்றுகிறோம். இதனால் கூடுதல் செலவும் 2 நாள் தாமதமும் வரும் என்று கருதுகிறோம். வேண்டாம் என்றால் நாளைக் காலை 10 மணிக்குள் தெரிவிக்கவும்.” அவ்வளவுதான். இதை எழுத விற்பவர்கள் கூச்சப்படுகிறார்கள், வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்று. நானும் கூச்சப்பட்டிருக்கிறேன். ஒரு வேலையில் மொத்த லாபமும் அந்தக் கூச்சத்திலேயே கரைந்துபோனது. பக்கம் மாறிய பிறகுதான் தெரிந்தது, வாங்குபவருக்கு அந்தக் கடிதம் வருவதைவிட வராமல் இருப்பதுதான் பயம். மொத்தமாகச் சேர்த்துவைத்துக் கடைசியில் நீட்டுவார்கள் என்று அர்த்தம்.

ஒப்பந்த வாசகங்களும் இந்த விஷயத்தில் இரக்கம் பார்ப்பதில்லை. ஃபிடிக் எனப்படும் சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் 1999 சிவப்புப் புத்தகம் என்ற மாதிரிக் கட்டுமான ஒப்பந்தத்தின்படி, ஒப்பந்தக்காரர் கூடுதல் பணமோ நேரமோ கேட்பதென்றால், அதற்குக் காரணமான நிகழ்வு தெரியவந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்றும் தப்ப முடியாது, தெரிந்திருக்க வேண்டிய நாளும் கணக்கில் சேரும். கெடு தாண்டினால் உரிமை போயிற்று. 2017 பதிப்பு இதே கெடுவை வாங்குபவரின் கோரிக்கைகளுக்கும் வைத்துவிட்டது. பிரிட்டனில் 1993 இல் முதல் பதிப்பு கண்ட என்இசி என்ற மாதிரிக் கட்டுமான ஒப்பந்தத்தின் இன்றைய வடிவத்தில், ஒப்பந்தக்காரர் தாமாகச் சொல்ல வேண்டிய நிகழ்வுகளுக்கு எட்டு வாரம். சரக்கு வியாபாரத்திலும் இதே கதைதான். சர்வதேசச் சரக்கு விற்பனை பற்றிய 1980 வியன்னா உடன்படிக்கையின் 39 ஆம் பிரிவு, குறை கண்ட வாங்குபவர் அதை நியாயமான காலத்துக்குள் விற்பவருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. உத்தரவாதக் காலம் தனியாக இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுதான் கடைசி எல்லை. கிடங்கில் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்துவிட்டு மூன்றாம் ஆண்டு புகார் சொன்னால் கேட்க நாதியில்லை.

அளவு வீதம்

வேலையின் வகை தெரியும், அளவு தெரியாது என்றால் ஐட்டம் ரேட் எனப்படும் இந்த அளவு வீதம்தான் இயல்பான வழி. தோண்டும் பள்ளம், போடும் குழாய், ஆண்டு முழுவதும் விட்டுவிட்டு வாங்கும் உதிரிப்பாகம் எல்லாம் இதில் சேரும். ஃபிடிக்கின் சிவப்புப் புத்தகமே இந்த அளந்து கொடுக்கும் முறையில் அமைந்ததுதான். நியாயமாகத் தெரியும், பெரும்பாலும் நியாயமாகவும் இருக்கும். ஆனால் அளவுப் பட்டியலைத் தயாரித்தவர் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன்.

மண் வெட்டுவது 9,000 கனமீட்டர், பாறை வெட்டுவது 1,000 கனமீட்டர் என்று டெண்டரில் போட்டிருக்கிறது. முதல் ஒப்பந்தக்காரர் மண்ணுக்கு 10, பாறைக்கு 40 என்று வீதம் சொல்கிறார். கூட்டினால் 1,30,000. இரண்டாமவர் இடத்தை நேரில் நடந்து பார்த்தவர். மண்ணுக்கு 7, பாறைக்கு 62 என்கிறார். கூட்டினால் 1,25,000. குறைந்த விலை அவருடையது, வேலையும் அவருக்கே. தோண்டத் தொடங்கியதும் பாறை 4,000, மண் 6,000 என்று தெரிகிறது. முதலாமவராக இருந்தால் 2,20,000 ஆகியிருக்கும். இப்போது கட்ட வேண்டியது 2,90,000. அவர் எந்த விதியையும் மீறவில்லை. பட்டியலில் இருந்த தவறை உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

அதனால் வீதங்களை ஒப்பிடும்போது பட்டியலில் உள்ள அளவுக்கு ஒரு முறை, சந்தேகமான இனங்களை இரண்டு மடங்காகவும் பாதியாகவும் வைத்து இன்னும் இரண்டு முறை கூட்டிப் பாருங்கள். முதலிடம் கைமாறினால் பிரச்சினை பட்டியலில் இருக்கிறது. டெண்டரை நிறுத்தி, நாலு இடத்தில் துளையிட்டுப் பார்த்துவிட்டுத் தொடர்வது மலிவு.

விற்பவருக்கு ஆபத்து எதிர்த்திசையில். அளவு பாதியாகக் குறைந்தால், இயந்திரத்தைக் கொண்டுவந்த செலவும் அலுவலகச் செலவும் திரும்பி வராது. அளவு ஒரு வரம்புக்கு மேல் மாறினால் வீதத்தைத் திரும்பப் பேசலாம் என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபிடிக் 1999 இல் அந்த வரம்பு 10 சதவீதம், கூடவே வேறு சில நிபந்தனைகளும் உண்டு. இரு பக்கத்துக்கும் பொதுவான ஒழுக்கம் ஒன்றுதான். மூடப்போகும் எதையும் மூடுவதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து அளந்து, ஒரே பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மண் மூடிய பள்ளத்தின் ஆழத்தை யாராலும் நிரூபிக்க முடியாது.

செலவுக்கு மேல் லாபம்

என்ன வேலை என்றே முழுதாகத் தெரியாதபோது, அதாவது ஆராய்ச்சி, அவசரப் பழுது, பாதியில் விழுந்த வேலையைத் தூக்கி நிறுத்துவது போன்றவற்றில், இதைத் தவிர நேர்மையான வழி கிடையாது. இதிலும் ஒரு வடிவத்தை மட்டும் எந்தச் சூழலிலும் தவிர்க்கச் சொல்வேன்: செலவில் இத்தனை சதவீதம் லாபம் என்பதை. கூட்டிச் செலவழிக்கச் செலவழிக்க லாபம் ஏறும் ஒப்பந்தத்தில் யார்தான் சிக்கனம் பார்ப்பார்? அமெரிக்க மத்திய அரசின் கொள்முதலில் அதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. லாபத்தை ஒரு நிலையான தொகையாக வைத்துவிட்டால், செலவைக் கூட்டுவதால் விற்பவருக்கு லாபம் ஏறாது. மென்பொருள், ஆலோசனை வேலைகளில் வழங்கும் மணிக்கணக்கு முறையும் இதன் தம்பிதான். அதில் உச்சவரம்பு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். டைம்ஷீட்டில் ‘பொதுப் பணிகள் – 8 மணி’ என்ற வரியை முதல் வாரமே திருப்பி அனுப்புங்கள். பத்தாவது வாரம் திருப்பி அனுப்பினால் சண்டையாகிவிடும்.

வாங்குபவர் ரிஸ்கைத் தாமே எடுத்துக்கொண்ட இரண்டு பெரிய வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1997 இல் சொல்லப்பட்ட தொகை 1 கோடி முதல் 4 கோடி பவுண்டு. 2004 இல் திறந்தபோது கணக்கு 40 கோடியைத் தாண்டியிருந்தது. கட்டுமான மேலாண்மை முறையில், பொது ஒப்பந்தக்காரர் என்று ஒருவர் இல்லாமல், வேலைகளைத் துண்டு துண்டாகப் பலருக்குக் கொடுத்தார்கள். விலை கூடினால் அது நேராக அரசின் தலையில். பிரேசர் பிரபுவின் விசாரணை இந்த முறையைத் தேர்ந்தெடுத்ததைக் கடுமையாகக் குறை சொன்னது. இதில் உள்ள ஆபத்து அமைச்சர்களுக்கு எடுத்துச் சொல்லப்படவே இல்லை என்பதும் அதில் வெளிவந்தது. ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது முனையத்திலும் ரிஸ்க்கை ஏற்றது வாங்குபவர்தான். விமான நிலையத்தின் உரிமையாளரான பிஏஏ நிறுவனம் ஆன செலவைத் திறந்த கணக்கில் கொடுத்து, மிச்சம் பிடித்தால் ஊக்கத்தொகை என்று வைத்தது. சுமார் 430 கோடி பவுண்டு வேலை, குறித்தபடி 2008 மார்ச் 27 இல் திறந்தது. (திறந்த அன்று பயணிகளின் பெட்டிகள் தேங்கிப்போனது வேறு கதை.) ஒரு வித்தியாசம் முக்கியம்: பிஏஏ தெரிந்தே ரிஸ்க்கை எடுத்தது, அதைக் கவனிக்கப் பெரிய அணியையும் உள்ளேயே வைத்திருந்தது. ஸ்காட்லாந்தில் முடிவெடுத்தவர்களுக்கே தாங்கள் எதை ஏற்கிறோம் என்பது தெரியவில்லை.

இலக்குச் செலவு

மொத்தத் தொகைக்கும் செலவுக்கு மேல் லாபத்துக்கும் நடுவில் நிற்பது இது. கேட்கும்போது எல்லோருக்கும் பிடிக்கும், கணக்குப் போடும்போது பலர் வழுக்கி விழுவார்கள். இலக்குச் செலவு 100, இலக்கு லாபம் 10, வாங்குபவர் கட்டும் உச்ச விலை 120 என்று வைத்துக்கொள்வோம். மிச்சத்திலும் மிகையிலும் வாங்குபவருக்கு 80 பங்கு, விற்பவருக்கு 20 பங்கு.

செலவு 90 இல் முடிந்தால் மிச்சம் 10. அதில் 2 விற்பவருக்கு, ஆக அவர் லாபம் 12, வாங்குபவர் கட்டுவது 102. இருவருக்கும் சந்தோஷம். செலவு 112.5 ஆனால் மிகை 12.5, அதில் விற்பவர் பங்கு 2.5. லாபம் 7.5 ஆகச் சுருங்கும், விலை சரியாக 120. உச்சவரம்பு வந்துவிட்டது. இதற்கு மேல் போகும் ஒவ்வொரு காசும் முழுக்க விற்பவருடையது. 120 இல் லாபம் பூஜ்யம், அப்புறம் கைக்காசு. பங்கு ஒப்பந்தம் என்ற பெயரில் தொடங்கியது, 112.5 ஐத் தாண்டியதும் மொத்தத் தொகை ஒப்பந்தமாகிவிடுகிறது. விற்பவர் கையெழுத்துப் போடுமுன் கண்டுபிடிக்க வேண்டிய எண் 100 அல்ல, 120 உம் அல்ல, இந்த 112.5 தான்.

இது வெறும் பயிற்சிக் கணக்கில்லை. 2011 இல் அமெரிக்க விமானப்படையின் கேசி-46 என்ற, வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானத்தை உருவாக்கும் வேலையைப் போயிங் இப்படியொரு ஒப்பந்தத்தில்தான் எடுத்தது. பங்கு 60க்கு 40, அரசு கட்டும் உச்சம் 490 கோடி டாலர். வளர்ச்சி வேலை இழுத்துக்கொண்டே போனது. முதல் விமானம் 2019 ஜனவரியில்தான் கைமாறியது. உச்சத்துக்கு மேல் போன செலவு போயிங் தலையில் விழுந்தது, இந்தத் திட்டத்தில் அது எழுதிக்கொண்ட நஷ்டம் 700 கோடி டாலரைத் தாண்டியது. வாங்குபவரின் பணம் தப்பித்தது உண்மை. ஆனால் விமானம் தேவைப்பட்ட நேரத்தில் வந்து சேரவில்லை, அந்தத் தாமதத்தை எந்த உச்சவரம்பும் ஈடுகட்டாது.

இலக்கை முதலில் எங்கே வைப்பது என்பதில்தான் இந்த ஒப்பந்தத்தின் உயிர் இருக்கிறது. தளர்த்தி வைத்தால் விற்பவர் உழைக்காமலே ‘மிச்சம்’ சம்பாதிப்பார். இறுக்கி வைத்தால் முதல் மாதத்திலிருந்தே இலக்கை உயர்த்தக் கடிதம் வரும். வாங்குபவரிடம் சொந்தமாக மதிப்பீடு போடத் தெரிந்த ஒருவர் இல்லையென்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்பது என் கருத்து.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

வரைபடம் முடிந்திருக்கிறது, வழக்கமான வேலை, உங்கள் அணி சிறியது என்றால் மொத்தத் தொகை. மாற்றம் கேட்கும் அதிகாரம் ஒரே ஆளுக்கு மட்டும் என்று முதல் நாளே இரு பக்கமும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அளவு மட்டும் நிச்சயமில்லை என்றால் ஐட்டம் ரேட், ஆனால் அளக்க ஓர் ஆளை ஒதுக்கிய பிறகு. வேலையே தெளிவில்லை என்றால் முதல் கட்டத்தை மட்டும் மணிக்கணக்கில், உச்சவரம்போடு கொடுத்து, தெளிவு வந்ததும் மீதிக்கு மொத்தத் தொகை பேசுங்கள். பெரிய, நீண்ட வேலை, இரு பக்கமும் அனுபவசாலிகள், கணக்கைத் திறந்து வைக்கத் தயார் என்றால் இலக்குச் செலவு. எந்த வகையானாலும் வேலை ஓராண்டைத் தாண்டும் என்றால், மூலப்பொருள் விலையை ஏதாவது வெளியிடப்பட்ட குறியீட்டெண்ணோடு கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் விற்பவர் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார்.

விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒப்பந்த வகையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் உங்களிடம் இருக்காது, டெண்டரிலேயே அது முடிவாகியிருக்கும். அதற்கேற்றபடி விலை போடுவதும், விலகிக்கொள்வதும் உங்கள் கையில் இருக்கிறது. அரைகுறை வரைபடத்துக்கு மொத்தத் தொகை கேட்கும் டெண்டரில், ‘இவையெல்லாம் எங்கள் விலையில் சேரவில்லை’ என்ற பக்கத்தை விலைப் பக்கத்தைவிடக் கவனமாக எழுதுங்கள். எந்த வகையிலும் பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் பாருங்கள். நல்ல லாபம் வைத்த ஒப்பந்தத்திலும், பில் பாஸாக 90 நாள் எடுத்தால் வட்டியே லாபத்தைத் தின்றுவிடும்.

ஒரே வேலைக்கு ஒரே வகைதான் என்று கட்டாயமும் இல்லை. மண்ணுக்குக் கீழே உள்ளதை அளவு வீதத்திலும், மேலே உள்ளதை மொத்தத் தொகையிலும், இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வதை மணிக்கணக்கிலும் கொடுப்பது நல்ல ஏற்பாடு, நானே பல முறை அப்படிப் பிரித்திருக்கிறேன். பிரிக்கும்போது எல்லையை வார்த்தையில் எழுதாமல் வரைபடத்தில் கோடாக இழுத்து, மட்டத்தின் எண்ணையும் பக்கத்தில் குறித்துவிட வேண்டும். ஒரு வேலையில் நான் ‘தரைமட்டத்துக்குக் கீழே’ என்று மட்டும் எழுதினேன். இருக்கிற தரையா, நிரப்பிய பிறகு வரும் தரையா என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் இருந்த ஒன்றரை மீட்டர் சுவர் அளவு வீதத்திலும் பில்லானது, மொத்தத் தொகைக்குள்ளும் இருந்தது. இரண்டு பில்லையும் தணிக்கையாளர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.